சவுண்ட் பாத்தை வீட்டிலேயே செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. இரண்டு வருடமாக நைட் ஷிப்ட். பகலில் படுத்தால் உடம்பு ஓய்கிறது, மண்டை ஓய மாட்டேன் என்கிறது. போன மாதம் ஆரோவில்லில் இசைக்கருவிகள் செய்யும் ஸ்வரம் என்ற இடத்தில் ஒரு சவுண்ட் பாத்துக்கு, அதாவது கிண்ணம், மணி மாதிரியான கருவிகளின் ஒலியைப் படுத்துக் கேட்கும் நிகழ்ச்சிக்குப் போனேன். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினால் போதும், கோவில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் காதுக்குள் இழையுமே ஒரு ரீங்காரம், அது உடம்பு முழுக்கப் பரவுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு ஆறு மணி நேரம் அசையாமல் தூங்கினேன்.

2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 62 பேருக்கு இப்படிக் கேட்டபின் பதற்றம் குறைந்ததாகப் படித்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத ஆய்வு, அதனால் இதை மருந்தாக நினைக்கவில்லை, தூக்கம் வந்தால் போதும்.

இப்போது ஒரு வெண்கலக் கிண்ணம் வாங்கியிருக்கிறேன். தட்டினால் நன்றாக ஒலிக்கிறது, கட்டையால் விளிம்பைச் சுற்றித் தேய்த்தால்தான் கடகடவென்று அதிர்கிறது. வேகத்தைக் குறைக்க வேண்டுமா, தோல் சுற்றிய கட்டை வாங்க வேண்டுமா?

அப்புறம், அம்மாவுக்குக் காதில் எப்போதும் இரைச்சல் உண்டு, பக்கத்து அறையில்தான் படுப்பார். இந்தச் சத்தம் அவருக்குத் தொந்தரவாகுமா? இதே பிரச்சினை உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள், அதைத் தெரிந்துகொண்டுதான் தினமும் ஆரம்பிக்க வேண்டும்.