தாராசுரம் கோயிலுக்குப் பக்கத்துல புது வீடு: தறிக்கூடத்துக்கு உயரம் கிடைக்குமா?

தறிவீட்டுப் பெண்:
தாராசுரத்துல எங்க பாட்டனார் கட்டின ஓட்டு வீடு. போன ஐப்பசி மழையில பின்சுவர் சாய்ஞ்சுடுச்சு. இடிச்சுட்டுப் புதுசா கட்டணும். ஐராவதேசுவரர் கோயில்லேர்ந்து 100 மீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும்னு நினைக்கிறோம். கொத்தனார், “மாநகராட்சி பிளான் போதும், இந்த வாரமே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிடலாம்”ங்கிறார். எனக்கு மனசு ஒப்பல. மாடி வேண்டாம். ஆனா ரெண்டு பட்டுத்தறி ஓடுது. சேலையில டிசைன் எடுக்கிற ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேல உட்காருது, கூடம் 12 அடியாவது வேணும். உயரத்துக்குத் தடை வருமா?

சைட் இன்ஜினியர்:
அக்கா, ஒரு செங்கல்லைக்கூட இப்ப எடுக்காதீங்க. முதல்ல அளக்கணும். கோயில் விமானத்துலேர்ந்து இல்ல, தொல்லியல் துறை பாதுகாக்கிற இடத்தோட எல்லையிலேர்ந்து. அங்கேர்ந்து 100 மீட்டருக்குள்ள புதுக் கட்டடமே கூடாது. 16.6.1992-க்கு முன்னாடியே இருந்த வீடுன்னா அனுமதி வாங்கிப் பழுது பார்க்கலாம். இடிச்சுட்டீங்கன்னா பழுது பார்க்க வீடே இருக்காது! அதுக்கு அடுத்த 200 மீட்டர்ல கட்டலாம், ஆனா தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தோட தடையின்மைச் சான்று வேணும். மாநகராட்சி பிளான் அதுக்கு ஈடாகாது. சான்று இல்லாம கட்டினா 2 வருஷம் வரை சிறை, இல்ல 1 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

தரைத்தளம் மட்டும்னா 12 அடிக் கூடத்தைத் தைரியமா வரைஞ்சு கேளுங்க. மேல்தொட்டி, கைப்பிடிச்சுவர் எல்லாத்தையும் சேர்த்துத்தான் உயரம் பார்ப்பாங்க. தொட்டியை மேல ஏத்தாம கொல்லையில வைங்க.

பழைய நெசவாளி:
குழித்தறியா போடுங்கம்மா. தறியோட கால்மிதிக்கட்டை குழிக்குள்ள போயிடும், ஜக்கார்டும் அந்த அளவுக்குக் கீழ இறங்கும். 10 அடியிலேயே நாங்க நெய்திருக்கோம். குழியையும் பிளான்லயே காட்டிடுங்க. கிழக்கு வெளிச்சம் தறி மேல விழற மாதிரி ஜன்னல் வைங்க, இழை அறுந்தா உடனே கண்ணுக்குத் தெரியும்.

தறிவீட்டுப் பெண்:
தம்பி, அய்யா, ரொம்ப நன்றி. கொத்தனாரை நிறுத்திட்டேன். திங்கக்கிழமை சர்வேயர் வர்றார். பட்டாவும் பழைய வீட்டு வரி ரசீதும் தேடி எடுத்தாச்சு, 1974-லேர்ந்து இருக்கு. 100-க்குள்ள வந்தா பின்சுவரை மட்டும் எடுத்துக் கட்ட அனுமதி கேட்கிறோம். வெளியில வந்தா குழித்தறியோட புது பிளான். எப்படி வந்தாலும் திண்ணை இருக்கும். அதோட இடது தூண்ல சாய்ஞ்சா விமானம் முழுசா தெரியும், அப்பா அங்க உட்கார்ந்துதான் தார்க்குச்சியில நூல் சுத்துவார்.