பிளஸ் ஒன் பொருளியல் சொற்களை விளையாட்டாகத் திருப்புதல் செய்ய வழி சொல்லுங்கள்

மேல்மலை டீச்சர்:
கொடைக்கானல் மேல்மலையில் பிளஸ் ஒன்னுக்குப் பொருளியல் எடுக்கிறேன். 26 பிள்ளைகள், முக்கால்வாசிப் பேர் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற வீடு. காலாண்டுத் தேர்வில் 'அளிப்பு' என்றால் என்ன என்பதற்குப் புத்தக வரியைப் பிசகாமல் எழுதியிருந்தார்கள். மறுநாள் ஒரு பெண்ணிடம், "உங்க வீட்டுப் பரண்ல பூண்டு கட்டித் தொங்குதே, அது அளிப்பா?" என்று கேட்டேன். "ஆமா டீச்சர்" என்றாள். வகுப்பே தலையாட்டியது.

அது இருப்பு. விலை ஏறட்டும் என்று அவள் அப்பா புகையில் போட்டு வைத்திருக்கிறார். இன்ன விலை கிடைத்தால் இவ்வளவு விற்பேன் என்று வடுகபட்டிச் சந்தைக்கு இறக்கத் தயாராக இருப்பதுதான் அளிப்பு. வீட்டில் தினமும் பார்ப்பதும் நோட்டில் எழுதுவதும் பிள்ளைகளுக்கு வேறு வேறாக இருக்கிறதே என்று மனது கேட்கவில்லை. இரண்டு அணி பிரித்து வினாடி வினா வைத்தேன், வழக்கமான நாலு பேர்தான் பதில் சொன்னார்கள். 40 நிமிடப் பாடவேளைக்குள் எல்லாரும் வாய் திறக்கிற மாதிரி ஏதாவது விளையாட்டு உண்டா?

கோத்தகிரி வணிகவியல்:
டீச்சர், நான் சீட்டு விளையாட்டு வைக்கிறேன். சீட்டில் ஒரு சொல், அடியில் வாயில் வரக்கூடாத மூன்று சொற்கள். 'வாய்ப்புச் செலவு' சீட்டில் மாற்று, இழப்பு, செலவு மூன்றுக்கும் தடை. புத்தக வரி தானாகவே அடைபட்டுப் போகும். பின் பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "ஞாயித்துக்கிழமை கொழுந்து பறிக்கப் போயிருந்தா கூலி கிடைச்சிருக்கும், நான் கிரிக்கெட் ஆடப் போயிட்டேன், அந்தக் கூலிதான்" என்றான். அன்றைக்கு அவனுக்குத்தான் முதல் மதிப்பெண். சீட்டை வரிசையாகச் சுற்றிவிடுங்கள், கை தூக்குகிறவர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:
சொல்லுக்குச் சீட்டு நல்ல வழி. ஆனால் அளிப்பு, தேவை, சமநிலை விலை (விற்கத் தயாரான அளவும் வாங்கத் தயாரான அளவும் ஒன்றாகும் விலை) மூன்றுக்கும் சந்தையையே வகுப்பில் நடத்திவிடுங்கள் அம்மா. ஹார்வர்டில் பொருளியல் பேராசிரியர் சேம்பர்லின் தன் மாணவர்களை வைத்து இதைச் செய்து 1948-ல் கட்டுரையாக எழுதினார். அவர் வகுப்பில் இருந்த வெர்னான் ஸ்மித் பிற்பாடு அதைத் திருத்தி வளர்த்தார், 2002-ல் நோபல் பரிசும் பெற்றார்.

ஐந்து பேர் விற்பவர்கள். 'இதற்குக் கீழே விற்காதே' என்று 100, 120, 140, 160, 180. ஐந்து பேர் வாங்குபவர்கள். 'இதற்கு மேலே கொடுக்காதே' என்று 200, 180, 160, 140, 120. ஆளுக்கு ஒரு கிலோ, அட்டையை அடுத்தவருக்குக் காட்டக்கூடாது. சேம்பர்லின் தனித்தனியாகப் பேரம் பேச விட்டார், விலை சிதறியது. ஸ்மித் எல்லார் காதிலும் விழ ஏலம் கூவச் சொன்னார், அதே சந்தையைத் திரும்பத் திரும்ப நடத்தினார், விலை சமநிலையை நெருங்கியது. ஆகவே மூலையில் கிசுகிசுக்க விடாதீர்கள், மூன்று சுற்றாவது ஓட்டுங்கள். 150-ல் விற்கத் தயாரானவர்களும் மூன்று பேர், வாங்கத் தயாரானவர்களும் மூன்று பேர், அதனால் விலை 150-ஐ ஒட்டி வர வேண்டும். மீதிப் பிள்ளைகள் கரும்பலகையில் விலை எழுதட்டும், அடுத்த சுற்றில் அவர்கள் இறங்கட்டும்.

மேல்மலை டீச்சர்:
சார், நேற்று நடத்தினேன். முதல் சுற்றில் 125-க்கும் விற்றது, 175-க்கும் விற்றது. மூன்றாவது சுற்றில் மூன்று பேர் விற்றார்கள்: 145, 150, 150. கணக்கு எப்படி வந்தது என்று பிள்ளைகளே கரும்பலகையைச் சுற்றி நின்றுகொண்டு வாதாடினார்கள்.

பரண் பூண்டுப் பெண்ணுக்கு 160 அட்டை. கடைசிவரை விற்கவில்லை. மணி அடித்த பிறகு அட்டையோடு வந்து, "டீச்சர், இந்தக் கிலோ 160 வந்தாத்தான் அளிப்பு, இப்போ இருப்பு, சரியா?" என்றாள். சரி என்றேன்.

வியாழக்கிழமை வாங்குபவர் அட்டைகளை மட்டும் 20 ரூபாய் ஏற்றிக் கொடுக்கப் போகிறேன். 'தேவை அதிகரிப்பு' பாடம் அதில் வந்துவிடும், அவள் கிலோவும் விற்றுவிடும். கோத்தகிரி சார், உங்கள் சீட்டுகளைப் படம் எடுத்துப் போட முடியுமா?