ப்ராசசர் மட்டும் மாற்றினால் போதுமா?

என் கம்ப்யூட்டரில் இப்போது இருப்பது ரைசன் 5 3600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு (ஜிபியு). கேம் ஓடும்போது ஜிபியு பயன்பாடு 65 சதவீதத்தைத் தாண்டவே மாட்டேன் என்கிறது, செட்டிங்ஸைக் குறைத்தாலும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்ற கணக்கு) ஏறவில்லை, அப்படியானால் சிக்கல் ப்ராசசரில்தானே?

பயாஸை (போர்டிலேயே இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் செய்துவிட்டு இதே போர்டில் ரைசன் 7 5700எக்ஸ்3டி ப்ராசசரைப் போடலாம் என்று யோசனை. எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) 32 எம்பியிலிருந்து 96 ஆகிறது, கேமுக்கு நல்லதுதான், ஆனால் பாதி நேரம் வீடியோ எடிட்டிங் செய்கிற எனக்கு, கிளாக் வேகம் கூடுதலாக உள்ள சாதாரண 5700எக்ஸ் போதுமோ என்று குழப்பம். ஏஎம்5 (ஏஎம்டியின் புதிய சாக்கெட்) வேண்டாம், போர்டு, ரேம் எல்லாம் மாற்ற மனசு வரவில்லை.

3600-லிருந்து மாறியவர்கள் யாராவது இருந்தால், சராசரி எஃப்பிஎஸ்ஸை விடுங்கள், 1% லோ (மிக மெதுவான 1% ஃப்ரேம்களில் கிடைக்கும் எஃப்பிஎஸ்) எவ்வளவு ஏறியது என்று சொல்லுங்கள். அப்புறம், பழைய கூலரே தாங்குமா?