புது ஹைபிரிட் கார் பெற்றோல் குடிக்குது, பற்றரி பழுதோ? அவசரம்

ஏஜாக்ஸ்_சிவா | செவ்வாய், ஜனவரி 14, இரவு 10:42

வணக்கம் எல்லாருக்கும். நவம்பரில புது ஹைபிரிட் எடுத்தனான், பெற்றோலும் பற்றரியும் சேர்ந்து ஓடுற கார். 100 கிலோமீற்றருக்கு 6 லீற்றர் எண்டு ஸ்ரிக்கரில போட்டிருந்தது, விக்கிறவரும் அதைத்தான் சொன்னவர். இப்ப 8.3 காட்டுது! என்ர பழைய காரே 9 தான் குடிச்சது. அப்ப இவ்வளவு காசு கூடக் குடுத்து என்னத்துக்கு எடுத்தது? டீலரிட்ட போன் அடிச்சா "விண்டர் சேர், அப்பிடித்தான்" எண்டு வைச்சிட்டான். பற்றரி பழுதோ? சனிக்கிழமை சேர்விசுக்குப் போறன், அதுக்குள்ள ஆராவது சொல்லுங்கோ.

மார்க்கம்வாசி | இரவு 10:51

என்ன கார்? முன் சக்கர இழுவையோ, நாலு சக்கரமுமோ? 8.3 எண்டது திரையிலயா, பம்பில கணக்குப் பாத்ததா? ஒண்டும் சொல்லாம பற்றரி பழுதோ எண்டு கேட்டா என்னத்தச் சொல்லுறது.

கோவை2எட்மன்டன் | இரவு 11:05

தினமும் எவ்ளோ தூரம் ஓட்டுறீங்க? வீட்ல கராஜ் இருக்கா, இல்ல வெளிய நிக்குதா? விண்டர் டயர் மாத்தியாச்சா? ஹீட்டர் எத்தனைல வச்சிருக்கீங்க?

பெற்றோல்_பொன்னர் | இரவு 11:09

87 ஒக்ரேன் பெற்றோல் தானே அடிக்கிறியள்? அதுதான் விசயம். 91 அடியுங்கோ. நான் மூண்டு காருக்கும் 91 தான். எஞ்சின் பூனை மாதிரி ஓடும், மைலேச்சும் கூடும்.

பழைய_மெக்கானிக் | இரவு 11:30

ஒவ்வொரு வருசமும் முதல் ஸ்நோ விழுந்த உடன இதே கேள்வி. மேல தேடுற பெட்டி ஒண்டு இருக்கு, அது அழகுக்குப் போட்டிருக்கேல்ல. "ஹைபிரிட் குளிர்" எண்டு போட்டாலே ஒரு பத்துப் பக்கம் வரும். பற்றரி பழுதெண்டா டாஷில எச்சரிக்கை விளக்கு எரியும், தம்பி. எரியுதோ? இல்லை. அப்ப பற்றரி பழுதில்லை. காருக்குக் குடுத்த மனுவலைத் திறந்து பாத்தவரோ எண்டும் எனக்குச் சந்தேகம்.

பொன்னர், 87 எண்டு போட்ட காருக்கு 91 அடிக்கிறது காசை வீணாக் கொட்டுற மாதிரி. ஒக்ரேன் எண்டது எஞ்சின் இடிக்காமப் பாக்கிற அளவு. அதால சக்தி கூடாது.

பெற்றோல்_பொன்னர் | இரவு 11:34

என்ர அனுபவத்தச் சொன்னன். உங்களுக்கு வேண்டாமெண்டா விடுங்கோ.

சென்னை_டிரைவ் | புதன், காலை 6:15

சென்னைல என் ஹைபிரிட் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுக்குது சார், ஏசி ஃபுல்லா போட்டுட்டு. கண்டிப்பா உங்க வண்டில ஏதோ கோளாறு. சும்மா விடாதீங்க, வாரண்டில கேளுங்க.

மார்க்கம்வாசி | காலை 6:40

ஐயா, அங்க ஜனவரியில விடியவே 20 பாகை நிக்கும். இஞ்ச கனடாவில நேற்றுக் காலமை மைனஸ் 18.

ஏஜாக்ஸ்_சிவா | காலை 7:02

கார் பேர் வேண்டாம். போட்டா எல்லாரும் அந்தக் கொம்பனி சரி, இந்தக் கொம்பனி பிழை எண்டு வெளிக்கிட்டிடுவியள். எஸ்யூவி, 2.5 லீற்றர் எஞ்சின், நாலு சக்கர இழுவை. 8.3 திரையில காட்டுறது. விளக்கு ஒண்டும் எரியேல்ல. வேலைக்குத்தான் ஓடுறன். ரெயினுக்கு நேரமாச்சு, பிறகு வாறன்.

மார்க்கம்வாசி | காலை 7:10

ரெயினில போறவருக்கு வேலைக்கு என்ன கார் ஓட்டம்? அப்ப ஸ்ரேசன் மட்டுமோ? அதுதானே கேட்டனான், எவ்வளவு தூரம்?

வானதி_ஒட்டாவா | காலை 9:20

சிவா அண்ணா, தூரம் சொல்லலைன்னாலும் ஓரளவு ஊகிக்க முடியுது. உங்க கார்ல எதுவும் கெட்டுப்போன மாதிரி எனக்குத் தெரியலை. ஏன்னு சொல்றேன்.

ஹைபிரிட் மிச்சம் பிடிக்கிறதே எஞ்சினை அணைச்சு வைக்கிறதாலதான். சிக்னல்ல நிக்கும்போது, மெதுவா நகரும்போது எஞ்சின் தூங்கணும். குளிர்ல அது தூங்க முடியாது. உள்ளே வர்ற சூடு பெரும்பாலும் எஞ்சின் கூலன்ட்ல (எஞ்சினுக்குள்ள சுத்துற திரவம்) இருந்துதான் வருது. நீங்க 24 டிகிரி வச்சுட்டு முன் கண்ணாடிக்கு டீஃப்ராஸ்டும் போட்டா, கூலன்ட் சூடு குறையக் குறைய எஞ்சின் திரும்பத் திரும்ப எழுந்திருக்கும். நீங்க நின்னாலும் அது ஓடும். டீஃப்ராஸ்ட் போட்டா ஈரத்தை எடுக்க பல கார்ல ஏசி கம்ப்ரசரும் சேர்ந்து ஓடும், அது வேற.

அடுத்தது பேட்டரி. பழுதில்லை, ஆனா குளிர்ந்த பேட்டரி சார்ஜை வேகமா வாங்கிக்காது. அதனால பிரேக் பிடிக்கும்போது திரும்பக் கிடைக்க வேண்டிய மின்சாரத்துல ஒரு பகுதி சாதாரண பிரேக்ல சூடாப் போயிடுது. பேட்டரி வெதுவெதுப்பாகிறதுக்குள்ள நீங்க ஸ்டேஷன் போய்ச் சேர்ந்துடுவீங்க.

அமெரிக்க எரிசக்தித் துறை சொல்ற கணக்கு இது: நகர ஓட்டத்துல, 25 டிகிரியோட ஒப்பிட்டா மைனஸ் 7ல சாதாரண பெட்ரோல் காரோட மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறையும். ஹைபிரிட்ல 30ல இருந்து 34 வரைக்கும் குறையலாம். 6 லிட்டரை 0.7ஆல வகுத்துப் பாருங்க, 8.6 வருது. உங்க 8.3 அதுக்குள்ளதான் இருக்கு. அதுவும் நீங்க மைனஸ் 18ல ஓட்டிட்டிருக்கீங்க.

பிரம்ரன்_ரவி | காலை 9:48

அப்ப ஸ்ரிக்கரில 6 எண்டு போடுறது கள்ளம் தானே? கனடாவில விக்கிற காருக்குக் கனடாக் குளிரில பாத்து எல்லோ போட வேணும்.

வானதி_ஒட்டாவா | காலை 10:03

பார்க்கிறாங்க. 2015 மாடல்ல இருந்து இங்க அஞ்சு விதமான சோதனை. அதுல ஒண்ணு மைனஸ் 7ல நகர ஓட்டம். ஆனா மத்த நாலும் குளிர் இல்லாதது, ஏசி போட்டு வெயில்ல ஓட்டுறதும் அதுல ஒண்ணு. எல்லாம் கலந்து வர்ற எண்தான் ஸ்டிக்கர்ல. ஜூலையில சிவா அண்ணா 5.5 பார்த்தா அப்பவும் ஸ்டிக்கர் பொய்னு சொல்வீங்களா?

பழைய_மெக்கானிக் | காலை 10:20

நான் ரெண்டு வரியில சொன்னதைத் தங்கச்சி விரிவாச் சொல்லியிருக்கு. நல்லது. ஒண்டை விட்டிட்டா. ரயர் காத்து. 5 அல்லது 6 பாகை இறங்க 1 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) குறையும். நவம்பரில 10 பாகையில அடிச்ச காத்து மைனஸ் 18 இல 5 பிஎஸ்ஐ குறைஞ்சு நிக்கும். ஓடிச் சூடான ரயரில அளக்கக் கூடாது, காலமை எடுக்க முதல் அளக்க வேணும். எத்தினை பேர் செய்யிறியள்? ஒருத்தரும் இல்லை.

பிரம்ரன்_ரவி | காலை 10:31

காத்து சரி. ஆனா விண்டர் ரயர் போட்டாலும் கூடக் குடிக்கும். றப்பர் மெதுமை, பள்ளம் ஆழம். அதுதான் நான் ஓல்-வெதர் போட்டிட்டு வருசம் முழுக்க ஓடுறன். மலையும் ஸ்நோவும் போட்ட முத்திரை அதிலயும் இருக்கு.

பழைய_மெக்கானிக் | காலை 10:44

அந்த முத்திரை ஸ்நோவில முன்னுக்கு இழுக்கிறதைப் பாத்துக் குடுக்கிறது. ஐஸில பிரேக் பிடிச்சு நிப்பாட்டுறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. 401 நெடுஞ்சாலையில கண்ணுக்குத் தெரியாத கறுப்பு ஐஸ் வரேக்க உங்கட முத்திரையக் காட்டி நிப்பாட்டுங்கோ, பாப்பம்.

பிரம்ரன்_ரவி | காலை 10:52

ஒண்ராறியோவில விண்டர் ரயர் கட்டாயமே இல்லை. கியூபெக்கில தான் டிசம்பர் 1 இல இருந்து மார்ச் 15 வரை கட்டாயம். அங்கயும் அந்த முத்திரை இருந்தாச் சரி. சட்டம் ஏத்துக்கொள்ளுது, நீங்கள் ஏத்துக்கொள்ள மாட்டியள்.

பழைய_மெக்கானிக் | காலை 10:58

சட்டம் பாஸ் மார்க் போடும். நான் கராஜில நிண்டு முன்பக்கம் நசுங்கி வாற காரைப் பாத்தனான். விண்டர் ரயர் போட்டா 2016 இல இருந்து ஒண்ராறியோவில இன்சூரன்ஸ்காரன் கழிவும் குடுக்க வேணும். கேட்டு வாங்கினியளோ?

பிரம்ரன்_ரவி | காலை 11:04

வாங்கினன். ஓல்-வெதருக்கே குடுத்தவங்கள். 😄

கோவை2எட்மன்டன் | காலை 11:40

டயர் சண்டையை தனி இழைல போடுங்கப்பா. பிளாக் ஹீட்டர் பத்தி யாருமே பேசலையே? இங்க மைனஸ் 30 வந்தா அது இல்லாம வேலைக்கு ஆகாது. எஞ்சின் கூலன்டைச் சூடு பண்ணும், சுவர் பிளக்ல சொருகினாப் போதும். ராத்திரி பூரா விட வேண்டாம், டைமர் போட்டு எடுக்கிறதுக்கு 2 மணி நேரம் முன்னாடி ஆன் ஆனாப் போதும். சூடான எஞ்சினோட கிளம்பினா ஹைபிரிட் சீக்கிரமே எஞ்சினை அணைக்க ஆரம்பிச்சிடும். உங்க மாடலுக்கு வருதான்னு டீலர் பார்ட்ஸ் கவுண்டர்ல கேளுங்க, சர்வீஸ் ஆளுங்ககிட்ட கேக்காதீங்க.

சில பேர் முன் கிரில்லை ஃபோம் வச்சு அடைப்பாங்க, குளிர் காத்து ரேடியேட்டர்ல படாம இருக்க. பழைய பிரியஸ் ஹைபிரிட் கார் வச்சிருக்கிற ஆளுங்க ரொம்ப நாளா பண்றதுதான். புது கார்ல பலதுக்கும் தானா மூடிக்கிற ஷட்டர் வருது, முதல்ல அது இருக்கான்னு பாருங்க. இருந்தா ஃபோம் வேண்டாம்.

ஏஜாக்ஸ்_சிவா | மாலை 6:35

எல்லாருக்கும் நன்றி. ஸ்ரேசன் 5 கிலோமீற்றர், வழியில பிள்ளைய டேகேரில இறக்கிறது. சனி ஞாயிறு ஸ்காபரோவுக்கு, கோயில், மாமா வீடு. கார் வெளியில தான் நிக்கிறது, கராஜ் முழுக்கச் சாமான். ரிமோட் ஸ்ராட் போடுறது, பிள்ளை ஏறேக்க உள்ளுக்குச் சூடா இருக்க வேணுமெண்டு. 15 நிமிசம் இருக்கும்.

மார்க்கம்வாசி | மாலை 6:37

ஆஆஆ. இதை முதலே சொல்லியிருக்கலாம் அண்ணை.

பழைய_மெக்கானிக் | மாலை 6:41

15 நிமிசம் நிண்ட இடத்தில எஞ்சினை ஓட விட்டிட்டு மைலேச் எங்க எண்டு தேடுறார். ரொறன்ரோவில 60 நிமிசத்துக்குள்ள 1 நிமிசத்துக்கு மேல சும்மா ஓட விட்டா அபராதம், தெரியுமோ?

பிரம்ரன்_ரவி | மாலை 6:44

ஏஜாக்ஸ் ரொறன்ரோவில இல்லை, அண்ணை. சட்டத்தை இப்ப மட்டும் பிடிக்குது போல.

வானதி_ஒட்டாவா | இரவு 8:15

குழந்தை ஏறும்போது கார் ஐஸ்கட்டி மாதிரி இருக்கக் கூடாதுன்னு நினைக்கிறது தப்பே இல்லை. கணக்கை மட்டும் பாருங்க. 3 லிட்டர் எஞ்சின் 10 நிமிஷம் நின்னு ஓடினா சுமார் 300 மில்லி போகும்னு கனடா இயற்கை வளத் துறை சொல்லுது. உங்க எஞ்சின் கொஞ்சம் சின்னது, ஆனா 15 நிமிஷம். அதனால அதே 300 மில்லின்னு வச்சுக்கலாம். நீங்க போய் வர்றது டேகேரோட சேர்த்து 12 கிலோமீட்டர்னா, 100க்கு 2.5 லிட்டர் கார் நகர்றதுக்கு முன்னாடியே போயிடுது. சனி ஞாயிறு நீள ஓட்டம்தான் உங்க சராசரியை 8.3ல பிடிச்சு வச்சிருக்கு. வார நாளை மட்டும் தனியா பார்த்தா இன்னும் மோசமா இருக்கும்னு நினைக்கிறேன்.

2, 3 நிமிஷம் போதும், கண்ணாடி தெளிஞ்சதும் கிளம்பிடுங்க. நின்ன இடத்துல ஓட விடுறதை விட, கார் ஓடும்போது எஞ்சின் வேகமாச் சூடாகும். டெம்பரேச்சரை 20க்கு இறக்கிட்டு சீட் ஹீட்டரைப் போடுங்க. அது பேட்டரில இருந்து ரொம்பக் கொஞ்சம்தான் எடுக்கும், அதுக்காக எஞ்சின் எழுந்திருக்க வேண்டியதில்லை. குழந்தை சீட்டுக்கு அது கிடையாது, அதனால பின்பக்கம் கொஞ்சம் சூடு வேணும்தான். ஈகோ மோட் போட்டா பல ஹைபிரிட்ல ஹீட்டரோட பேராசையும் குறையும். தடி ஜாக்கெட்டோட மட்டும் குழந்தையை பெல்ட்ல கட்டாதீங்க, பெல்ட் இறுக்கமா இருக்காது. கட்டின பிறகு மேல போர்வை போட்டுக்கலாம்.

திரையை நம்பாம பம்ப்ல ஒரு தடவை பாருங்க. டேங்க் ஃபுல் பண்ணி ட்ரிப் மீட்டரை பூஜ்யம் ஆக்குங்க, அடுத்த தடவை அதே பங்க்ல ஃபுல் பண்ணி வகுங்க.

சென்னை_டிரைவ் | இரவு 9:02

குளிர்ல பெட்ரோலே வேற மாதிரி இருக்கும்னு படிச்சேன், உண்மையா?

வானதி_ஒட்டாவா | இரவு 9:10

உண்மைதான். சுலபமா ஆவியாகணும்னு குளிர்காலக் கலவைல பியூட்டேன் அதிகம் சேர்ப்பாங்க, லிட்டருக்குச் சக்தி கொஞ்சம் குறைவு. சில சதவீதம்தான். ஹைவேல இன்னொண்ணும் உண்டு: மைனஸ் 10ல காத்து 20 டிகிரியை விடப் பத்து சதவீதத்துக்கும் மேல அடர்த்தி, அதைத் தள்ளிட்டுத்தான் போகணும். இதெல்லாம் சிவா அண்ணா கையில இல்லை. ரிமோட் இருக்கு.

பெற்றோல்_பொன்னர் | இரவு 9:25

பெற்றோலிலதான் விசயம் எண்டு நான் முதலே சொன்னனான்.

பழைய_மெக்கானிக் | இரவு 9:31

🤦

ஏஜாக்ஸ்_சிவா | வெள்ளி, பெப்ரவரி 7, மதியம் 12:18

சேர்விஸ்காரர் கொம்பியூட்டர் போட்டுப் பாத்திட்டு ஒண்டும் பிழையில்லை எண்டவை. ரிமோட் 3 நிமிசம் ஆக்கினன், மனிசிக்குக் கோவம். பம்பில 7.4. பிளாக் ஹீற்றர் என்ர மாடலுக்கு வருமாம், விலை கேட்டிட்டு விட்டிட்டன். நன்றி எல்லாருக்கும்.

வானதி_ஒட்டாவா | மதியம் 12:50

நல்லது. அந்த ரெண்டு மூணு வாரம் வெளிய எத்தனை டிகிரி இருந்துச்சு? டயர் காத்து பார்த்தீங்களா? குளிர் குறைஞ்சதால வந்த 7.4ஆ, ரிமோட்டாலயான்னு தெரியணும்.

கோவை2எட்மன்டன் | பிற்பகல் 2:05

அதே கேள்விதான் எனக்கும்.

பிரம்ரன்_ரவி | ஞாயிறு, காலை 11:15

சிவா அண்ணை, விண்டர் ரயர் போட்டிருக்கிறியளோ எண்டு கடைசி வரை சொல்லேல்ல. என்னட்ட பழைய செற் ஒண்டு ரிம்மோட கிடக்கு, 18 இஞ்சி. தேவையெண்டா உள்பெட்டிக்கு வாங்கோ.

பழைய_மெக்கானிக் | காலை 11:22

எத்தினையாம் வருசத்து ரயர்? பக்கவாட்டில நாலு இலக்கம் இருக்கும், கடைசி ரெண்டும் வருசம், அதைப் படம் எடுத்துப் போடும். 17 எண்டு முடிஞ்சா ஒருத்தரும் வாங்காதேங்கோ.