நாட் விமானத்தின் வலது கதவு: தேடுவதா, செய்துவிடுவதா?

சூலூர்க்காரன்

1/72 அளவில் நாட் (Gnat) என்கிற பழைய போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். சனிக்கிழமை இரவு வலது பக்கச் சக்கரக் கதவைச் சாமணத்தில் தூக்கும்போது நழுவிப் பறந்துவிட்டது. துவரம்பருப்பு அளவுதான் இருக்கும், சாம்பல் நிறம். எங்கள் வீட்டில் மொசைக் தரை. எங்கு பார்த்தாலும் அதே சாம்பல் புள்ளி. மேற்கு ஜன்னல் வேறு திறந்திருந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று என் மேசையைத் தாண்டித்தான் போகும். இரண்டு இரவு தேடிவிட்டேன்.

இந்த விமானத்தை நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானத்தில் நாட் விமானத்தில் தனியாகப் போரிட்டு உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் செகோன் இந்திய விமானப்படையின் 18-ஆம் ஸ்குவாட்ரன் என்கிற பிரிவைச் சேர்ந்தவர். அதே ஸ்குவாட்ரன் 2020 மே மாதம் தேஜஸ் விமானங்களுடன் எங்கள் ஊர் சூலூர் விமானப்படைத் தளத்தில் மறுபடி தொடங்கப்பட்டது. தலைக்கு மேல் தேஜஸ் போகும்போதெல்லாம் அவர்களுடைய பழைய விமானத்தை மேசையில் வைக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

நாட் விமானத்தில் கதவு சும்மா ஒரு மூடி அல்ல. சக்கரத்தைப் பாதி இறக்கினால் கதவும் சேர்ந்து காற்றை எதிர்த்து நிற்கும், விமானத்துக்கு அதுதான் வேகத்தடை. சக்கரத்தை மடக்கிப் பறக்கிற மாதிரி வைத்துவிடு என்றார் நண்பர் ஒருவர். மடக்கினாலும் மூடுவதற்கு அந்தக் கதவு வேண்டுமே. எவ்வளவு நேரம் வரைக்கும் தேடுவீர்கள் என்று சொல்லுங்கள்.

காங்கேயம்_72

இருபது நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடத் தேடக் கூடாது என்பது என் கருத்து.

கிட்டில், அதாவது மாடல் பாகங்கள் வருகிற பெட்டியில், இருக்கிற கதவு ஏறக்குறைய அரை மி.மீ. தடிமன் இருக்கும். 72-ஆல் பெருக்கிப் பாருங்கள், 36 மி.மீ. கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம். இறக்கை முனைக்கு முனை ஏழு மீட்டர்கூட இல்லாத விமானம் அது. குளிர்பான டப்பாவை வெட்டி எடுத்த தகடு 0.1 மி.மீ. சுமார் இருக்கும், பெருக்கினால் 7 மி.மீ. எது உண்மைக்குப் பக்கம்? தொலைந்துபோனது உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறது.

இடது கதவு கையில் இருக்கிறதல்லவா? அதைத் தாளில் வைத்துக் கூர்மையான பென்சிலால் சுற்றி வரையுங்கள். தாளைத் திருப்பினால் வலது கதவு. தகட்டில் ஒட்டி வெட்டி, பேனா மூடியின் மேல் உருட்டி வளைவு கொடுத்தால் முடிந்தது. அரை மணி நேர வேலை. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், இரண்டு கதவையும் புதிதாகச் செய்யுங்கள். ஒன்று கிட்டின் கதவு, ஒன்று கைவேலை என்று வைத்தால் பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போகும்.

மேட்டுப்பாளையம்_மீட்டர்கேஜ்

இதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன், தம்பி. 36 மி.மீ. கணக்கு சரி. ஆனால் விமானக் கதவு வெறும் தகடல்ல. உள்பக்கம் விறைப்புக்குச் சட்டம் இருக்கும், விளிம்பு மடங்கியிருக்கும். கிட்டின் கதவில் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அதெல்லாம் செதுக்கியிருப்பார்கள். டப்பாத் தகட்டில் அது எங்கிருந்து வரும்? பக்கவாட்டில் மெல்லிசாகத் தெரியும், உள்பக்கம் மொட்டையாக நிற்கும்.

நான் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினை 1/87 அளவில் 12 மி.மீ. அகலத் தண்டவாளத்துக்குப் பித்தளையில் செய்கிறவன். கைப்பிடிக் கம்பியைத் தாங்குகிற குமிழ்கள் கடுகைவிடக் கொஞ்சம் பெரியவை. இதுவரை எத்தனையோ விழுந்திருக்கின்றன, பெரும்பாலும் திரும்பக் கிடைத்திருக்கின்றன. கிடைக்காததற்குக் காரணம் தேடுகிற முறைதான்.

மேசை உயரம் 75 செ.மீ. என்றால் அங்கிருந்து விழுகிற பொருள் 0.4 விநாடியில் தரையைத் தொட்டுவிடும். சாமணம் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் எறிந்தது என்றே வைத்துக்கொண்டாலும், அதற்குள் ஒரு மீட்டர் சொச்சம்தான் போக முடியும். பிளாஸ்டிக் லேசானது, காற்று தடுக்கும், அதனால் இன்னும் குறைவு. அப்புறம் தரையில் பட்டுத் துள்ளுவதுதான் மீதி. நாம் என்ன செய்கிறோம்? ‘டிக்’ என்று சத்தம் கேட்ட திசையில் சுவர் ஓரத்துக்கு ஓடுகிறோம். பாகம் நம் மடியிலோ நாற்காலிக் காலடியிலோ கிடக்கும்.

விழுந்த உடனே எழுந்திருக்கக் கூடாது. முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி வீட்டில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே சட்டை மடிப்பு, கைலி மடிப்பு, முழங்கை, நாற்காலித் துணி எல்லாம் பாருங்கள். பாலிஸ்டைரீன் உராய்ந்தால் மின்னேற்றம் பிடித்துத் துணியோடு ஒட்டிக்கொள்ளும், உதறினால்கூடச் சில சமயம் விழாது. அப்புறம் அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். மொசைக் தரையில் நிறத்தைத் தேடினால் கண்டுபிடிக்கவே முடியாது, நிழலைத் தேட வேண்டும். அரை மி.மீ. உயரம் உள்ள பாகத்துக்கும் நீளமாக நிழல் விழும். அறையை ஒரே மூச்சில் பார்க்காமல், ஒரு முழம் அகலத்துக்குப் பட்டை பட்டையாகப் பாருங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் குழாய் வாயில் மெல்லிய நைலான் சாக்ஸ் மாட்டி ரப்பர் வளையம் போடுங்கள், பாகம் துணியில் வந்து நிற்கும்.

இதெல்லாம் செய்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். இருபது நிமிடத்தில் விட்டவர் தேடவே இல்லை என்றுதான் சொல்வேன்.

காங்கேயம்_72

அண்ணா, உங்கள் குமிழ் பித்தளை. மிதித்தாலும் அப்படியே கிடக்கும். எங்கள் பாகத்தை வீட்டில் யாராவது மிதித்தால் நொறுங்கிவிடும். அவர் இரண்டு இரவு அந்த அறையில் நடந்திருக்கிறார். மூன்றாம் நாள் கிடைப்பது கதவா, கதவின் துண்டா?

தேடலில் மனசு சோர்ந்துபோகிறது என்பதையும் யோசியுங்கள். ஒரு பாகம் கிடைக்கவில்லை என்று பெட்டியை மூடி அலமாரியில் வைத்து, ஆறு மாதம் திறக்காமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது. ஒரு பொழுதுபோக்கு கைவிட்டுப் போகிறதே!

ஈரோடு_35

கண்ணாடிப் பாகம் என்றால் என்ன செய்வீர்கள், காங்கேயம்? ஒரு ஹெலிகாப்டரின் பக்க ஜன்னல் எனக்குத் தொலைந்தது. மெல்லிய ஷீட்டில் வெட்டிப் போட்டேன், வளைவு வரவே இல்லை. வீடு மாறும்போது மேசை இழுப்பறையின் பின்பக்க இடுக்கில் அது கிடைத்தது. அதற்குள் மாடலை அக்கா பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.

காங்கேயம்_72

கண்ணாடிப் பாகத்துக்கு என் விதி பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேடலாம். கதவு, ஆன்டெனா, கம்பி இதற்கெல்லாம் பொருந்தும். ஸ்ப்ரூ, அதாவது பாகங்கள் ஒட்டிவருகிற பிளாஸ்டிக் சட்டம், அதில் ஒரு துண்டை மெழுகுவர்த்திக்கு மேல் காட்டிக் குழைந்ததும் இழுத்தால் தலைமுடி அளவுக்குக்கூடக் கம்பி வரும். கிட்டில் எந்த ஆன்டெனாவும் அவ்வளவு மெல்லிசாக வராது.

வைசியாள்_வீதி

நான் நகைப் பட்டறை வீட்டுப் பெண். மாடல் செய்ய வந்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டு அண்ணன்களும் விழுந்த பிறகு என்ன செய்வது என்றுதான் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் பேச்சு அதற்கு முன்னாலேயே தொடங்கிவிடும்.

அப்பா வேலைக்கு உட்காரும்போது மடியில் துணி விரித்து அதன் ஒரு ஓரத்தை வேலைப் பலகையில் கட்டிவிடுவார். அரம் போடும்போது விழுகிற பொடி, நழுவுகிற வளையம் எல்லாம் அந்தத் துணிக்குள்தான். ஏதாவது நழுவினால் அசையமாட்டார், முழங்காலை மட்டும் சேர்த்து வைப்பார். பட்டறையைக் கூட்டுகிற தூசி குப்பைக்குப் போகாது, கை கழுவுகிற தண்ணீர்கூடச் சாக்கடைக்குப் போகாது. இரண்டையும் சேர்த்துவைத்து, தங்கம் பிரிக்கிறவர்களிடம் கொடுப்பார்கள். சின்ன வயதில் எங்களுக்கு ஒரே கட்டளை: அப்பா வேலை செய்கிற அறைக்குள் ஓடக் கூடாது.

அதையே என் மாடல் மேசைக்கும் கொண்டுவந்தேன். பழைய பருத்தி வேட்டியின் ஒரு ஓரத்தை மேசையில் கிளிப் போட்டு, மறு ஓரத்தை இடுப்பில் செருகிக்கொள்கிறேன். பருத்திதான் வேண்டும். பாலியஸ்டரில் பாகம் ஒட்டிக்கொள்ளும். வெட்டும்போது பாகத்தை நேராக வெட்டுவதில்லை. அதைச் சுற்றி உள்ள சட்டத்தை முதலில் துண்டாக நறுக்கி எடுத்துவிட்டு, பெரிய துண்டாகக் கையில் பிடித்துக்கொண்டு, கடைசி வெட்டை உள்ளே தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கையை நுழைத்து வெட்டுகிறேன். சாமணம் தட்டையான பாகத்தை ஓரத்தில் பிடித்தால் எறியத்தான் செய்யும். எங்கள் வீட்டில் கல் பதிக்கக் குச்சி முனையில் மெழுகு வைத்து எடுப்பார்கள், நானும் அதையே செய்கிறேன். அழுத்தமே கிடையாது, எப்படிப் பறக்கும்?

கோபித்துக்கொள்ள வேண்டாம். தேடுவதா, செய்வதா என்ற கேள்வி வருகிறது என்றாலே மேசையில் ஏதோ ஏற்பாடு குறைகிறது.

ஈரோடு_35

பைக்குள் வெட்டுவது பிளாஸ்டிக்குக்குச் சரி, அக்கா. 0.1, 0.2 மி.மீ. பித்தளைத் தகட்டுப் பாகங்களுக்குக் கத்தியை நேராக அழுத்தி வெட்ட வேண்டும், பைக்குள் முடியாது. அதற்குத் தகட்டின் அடியில் டேப் ஒட்டிவிட்டு வெட்டுகிறேன். எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தாலும், மாடலில் ஒட்டுகிற நேரத்தில் பாகம் விழத்தான் விழும். அப்புறம் தேடித்தான் ஆக வேண்டும்.

கோபி_வயல்காரர்

நான் மாடல் செய்கிறவன் இல்லைங்க, மகன் செய்கிறான். அவன் காட்டிப் படித்தேன். விதைநெல்லில் பதர் பிரிக்க நாங்கள் உப்புத் தண்ணீர் வைப்போம். நல்ல முட்டை ஒன்றைத் தண்ணீரில் போட்டு, அது மிதந்து மேலே காசளவு தெரிகிற வரை உப்பைக் கரைப்போம். அதில் நெல்லைப் போட்டால் பதர் மிதக்கும், முற்றின நெல் அடியில் நிற்கும். உங்கள் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.05 என்று மகன் சொல்கிறான், அதாவது தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம். அப்படியானால் முட்டை மிதக்கிற தண்ணீரில் அதுவும் மிதக்க வேண்டும், மண்ணும் மணலும் அடியில் தங்கிவிடும். அறையைக் கூட்டின தூசியைக் கொட்டாமல் வைத்திருந்தால் செய்து பாருங்கள். முதலில் சாதாரணத் தண்ணீரில் போட்டு, மிதக்கிற முடியையும் பஞ்சையும் எடுத்துவிடுங்கள். அதன் பிறகு உப்பு.

மேட்டுப்பாளையம்_மீட்டர்கேஜ்

ஐயா, இத்தனை வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. என் பித்தளை மூழ்கிவிடும், ஆனால் பிளாஸ்டிக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

சூலூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுக்க இதே வேலை.

டார்ச்சைப் படுக்கவைத்துப் பட்டை பட்டையாகப் பார்த்தேன், கதவு இல்லை. கட்டில் அடி, ஜன்னல் ஓரம், பாய்க்குக் கீழே எல்லாம் கூட்டி, மாவு சல்லடையில் சலித்து, கோபி ஐயா சொன்னபடி முட்டை மிதக்கிற உப்புத் தண்ணீரில் போட்டேன். உண்மையாகவே மிதந்தது. ஸ்ப்ரூ நுனிகள், சீவல்கள், அவற்றோடு ஒரு சின்ன நெம்புகோல். போன வருடம் செய்த மாருத் போர் விமான மாடலின் விமானி அறைக்குள் இருக்க வேண்டியது. அதைத் தொலைத்துவிட்டு அன்றைக்கு ஸ்ப்ரூ இழுத்து ஒன்று செய்து ஒட்டியிருந்தேன். இரண்டையும் லென்ஸில் வைத்துப் பார்த்தேன். காங்கேயம் சொல்வது சரி, நான் செய்ததுதான் மெல்லிசு. மேட்டுப்பாளையம் அண்ணா சொல்வதும் சரி, கிட்டின் நெம்புகோல் முனையில் குமிழ் இருக்கிறது, என்னுடையதில் இல்லை.

கதவு கிடைக்கவில்லை. அநேகமாக ஜன்னல் வழியாகப் போயிருக்கும்.

காங்கேயம்_72

தகட்டில் இரண்டும் செய்யுங்கள்.

மேட்டுப்பாளையம்_மீட்டர்கேஜ்

செய்யுங்கள், ஆனால் உள்பக்கச் சட்டத்தை விடாதீர்கள். ஸ்ப்ரூ கம்பி இழுத்து, சின்னத் துண்டுகளாக உள்ளே ஒட்டுங்கள். இடது கதவைப் பார்த்து இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.

சூலூர்க்காரன்

சரிங்க அண்ணா. இடது கதவை வரைந்து வைத்துவிட்டேன், இன்று இரவு தகடு வெட்டுகிறேன். வைசியாள் வீதி அக்கா சொன்ன மாதிரி வேட்டி கட்டியாயிற்று. ஜன்னலையும் சாத்திவிட்டேன். கிட்டின் இடது கதவை ஒட்டாமல் ஒரு டப்பியில் போட்டு, மேலே ‘நாட் - இடது’ என்று எழுதி வைத்திருக்கிறேன். காலையில் ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடியடியில் ஒரு தடவை பார்க்க வேண்டும்.