அட்வான்ஸைத் திருப்பித் தர மறுக்கிறார்: சாவியைக் கொடுக்காமல் வைத்திருக்கலாமா?

சுமதி, கடலூர்:
செம்மண்டலத்தில் வாடகைக்கு இருந்தோம். வாடகை 8,000 ரூபாய், அட்வான்ஸ் 40,000. முத்திரைத் தாளில் 11 மாத ஒப்பந்தம், எங்கும் பதியவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் காலி செய்தோம். பெயிண்ட் அடிக்க 20,000, உடைந்த சமையலறைக் குழாய்க்கு 700 போக மீதியைத்தான் தருவேன், அதுவும் அடுத்தவர் குடிவந்த பிறகு என்கிறார் உரிமையாளர். சுவரில் உள்ள கறை 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது படிந்தது. பணம் வரும்வரை சாவியைக் கொடுக்காதே என்கிறார்கள் உறவினர்கள். என் வேலை புதுச்சேரியில் என்பதால் அலைவதும் கடினம்.

முருகன், முதலியார்பேட்டை:
புதுச்சேரியில் 1969ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது அம்மா. அதன்படி இங்கேயே மனு கொடுக்க முடியுமா என்று விசாரியுங்கள்.

கலைவாணி, மஞ்சக்குப்பம்:
அண்ணா, வேலை எங்கே என்பது கணக்கில்லை; வீடு இருக்கும் இடத்தின் சட்டம்தான் செல்லும். சுமதிக்குப் பொருந்துவது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

சுமதி, தயவுசெய்து சாவியை உடனே ஒப்படைத்துவிடுங்கள். சாவி உங்களிடம் இருக்கும்வரை நீங்கள் காலி செய்யவில்லை என்று அவர் சொல்ல முடியும். அந்த நாட்களுக்கு இரட்டிப்பு வாடகை கேட்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. மாறாக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான கழிவு போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் கடமை. அடுத்தவர் குடிவருவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து, சாவி பெற்றுக்கொண்டதாகத் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) கடிதம் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள்.

சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதையும் அந்தச் சட்டத்தின் அட்டவணை உரிமையாளர் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளக் கறைக்குக் குடியிருந்தவர் எப்படிப் பொறுப்பாவார்? நம் ஊர் உப்புக் காற்றில் பூட்டிக் கிடக்கும் வீட்டிலேயே சுவர் பொரிகிறது. ஆனால் தண்ணீர் திறக்கும் குழாயை (டேப்) மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. அந்த 700 ரூபாயை விட்டுக்கொடுங்கள்.

சுமதி, கடலூர்:
மிக்க நன்றி அக்கா. ஒப்பந்தத்தில் பெயிண்ட் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாதாமே? ஐந்து மாதம் வாங்கியிருக்கிறாரே, அதைச் சொல்லலாமா?

கலைவாணி, மஞ்சக்குப்பம்:
மூன்று மாதம் என்பது பொது விதி. ஒப்பந்தத்தில் கூடுதலாக ஒப்புக்கொண்டிருந்தால் விலக்கு உண்டு. நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம்.

ராமலிங்கம், திருப்பாதிரிப்புலியூர்:
ஒப்பந்தம் பதியப்படாதது உங்கள் பக்கத்துப் பலவீனம். 11 மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பதே இந்தச் சட்டம். எனவே வாடகை நீதிமன்றத்துக்குப் போகும் முன் கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்குக்கு முன்பே இருவரையும் அழைத்துச் சமரசம் பேசுவார்கள். வழக்கறிஞர் தேவைப்பட்டாலும் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக அமர்த்தித் தருவார்கள். அட்வான்ஸ் கொடுத்ததற்கு வங்கிக் கணக்கில் பதிவு இருக்கிறதா?

சுமதி, கடலூர்:
இருக்கிறது ஐயா. அட்வான்ஸும் மாத வாடகையும் வங்கி வழியாகவே அனுப்பினேன்.

ராமலிங்கம், திருப்பாதிரிப்புலியூர்:
அப்படியானால் அந்தக் கணக்கு அறிக்கையை மனுவுடன் இணைத்து, 39,300 ரூபாய் வர வேண்டும் என்று தொகையைத் தெளிவாக எழுதுங்கள் அம்மா.