ரேடியஸில் யூசரை கட் பண்ணினாலும் கட் ஆகவில்லையா? எங்கே சிக்குகிறது என்று அனுபவத்தில் பார்த்தவை

கம்பிவலை:

லாகினையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் ரேடியஸ் சர்வரோடு இணைந்த பில்லிங் பேனலில், பேக் முடிந்த யூசரை டிஸ்கனெக்ட் கொடுக்கிறோம், பச்சை டிக் வருகிறது, ஆனால் அந்த வீட்டில் வீடியோ நிற்காமல் ஓடுகிறது. இந்த இழையைத் தொடங்குவது இந்தப் புகாருக்காகத்தான். அடுத்து எழுதுபவர்கள் எந்த நாஸ் (யூசரின் லைன் வந்து சேரும் ரூட்டர் போன்ற பெட்டி), என்ன பதில் வந்தது, எது சரிசெய்தது என்று சொன்னால் எல்லோருக்கும் உதவும்.

அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன், பாதிக் குழப்பம் இங்கேதான் இருக்கிறது. லாகினின்போது நாஸ் கேட்கும், சர்வர் பதில் சொல்லும். அது போர்ட் 1812-இல். கணக்கு விவரம் போவது 1813. கட் பண்ணும்போது திசை தலைகீழாகிவிடும். சர்வர்தான் கேட்கிறது, நாஸ் ஒரு யூடிபி போர்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். 2003-இல் வந்த ஆர்எஃப்சி (இணைய விதிமுறை ஆவணம்) 3576, அதற்குப் பதிலாக 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5176 இரண்டிலும் அந்த போர்ட் 3799. டிஸ்கனெக்ட் ரிக்வெஸ்ட்டின் கோட் எண் 40, ஒப்புக்கொள்ளும் பதிலான ஆக் 41, மறுக்கும் பதிலான நேக் 42. செஷனை வெட்டாமல் ஸ்பீடு மட்டும் மாற்ற அனுப்பும் சிஓஏவுக்கு 43, 44, 45.

ஆகவே "லாகின் நன்றாக வேலை செய்கிறதே, ரேடியஸில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை" என்ற வாதம் இங்கே செல்லாது. 1812-க்காக ஃபயர்வாலில் திறந்த வழி 3799-க்குக் கொஞ்சமும் உதவாது.

முதல் வேலை, பேனலை நம்பாமல் சர்வரில் டிசிபிடம்ப்பை (பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் கருவி) 3799-இல் ஓடவிட்டு டிஸ்கனெக்ட் கொடுப்பது. பல பேனல்கள் பின்னால் ரேட்கிளையண்ட் என்ற, ரேடியஸ் பாக்கெட் அனுப்பும் கட்டளையைத்தான் ஓட்டுகின்றன. கட்டளை ஓடியதற்கே பச்சை டிக் போடுபவை உண்டு, பதில் வந்ததா என்று அவை பார்ப்பதில்லை. டம்ப்பில் மூன்றில் ஒன்று தெரியும்: பதிலே இல்லை, நேக் வந்தது, ஆக் வந்தும் யூசர் ஆன்லைன். மூன்றும் வெவ்வேறு நோய். எது என்று தெரியாமல் நாஸை ரீபூட் செய்ய வேண்டாம். ஆயிரம் பேர் லைன் போகும், காரணம் மட்டும் தெரியாமலே இருக்கும்.

பாக்கெட்_பார்வை:

பதிலே வராத கேஸை நான் எழுதுகிறேன். எங்கள் பக்கம் அதிகம் வருவது அதுதான்.

நாஸ் பக்கம் போர்ட் திறந்திருக்கிறதா என்பதுதான் முதல் சந்தேகம். மைக்ரோடிக் ரூட்டரில் ரேடியஸ் மெனுவுக்குள் இன்கமிங் என்று தனியாக இருக்கிறது. அதில் அக்செப்ட் இயல்பாக 'நோ'. அதை 'எஸ்' ஆக்கி, போர்ட் 3799 என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். சிஸ்கோ ஐஓஎஸ்ஸில் டைனமிக் ஆத்தர் பகுதியை இயக்கி, சர்வர் ஐபியையும் சீக்ரெட்டையும் (நாஸும் சர்வரும் பகிரும் ரகசியச் சொல்) அங்கே மறுபடி கொடுக்க வேண்டும். லாகினுக்குக் கொடுத்த சீக்ரெட் தானாக இங்கே வராது. அதன் இயல்பு போர்ட் 1700, 3799 இல்லை. சர்வர் 3799-க்கு அனுப்ப, சிஸ்கோ 1700-இல் காத்திருக்கும் காட்சி சாதாரணம்.

டம்ப்பில் ஐசிஎம்பியையும் (பிழைச் செய்தி கொண்டுவரும் பாக்கெட்) சேர்த்துப் பிடியுங்கள். 'போர்ட் அன்ரீச்சபிள்' திரும்பி வந்தால் பாக்கெட் பெட்டிவரை போயிருக்கிறது, அங்கே கேட்க ஆளில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுமே வராவிட்டால் வழியில் ஃபயர்வால் விழுங்குகிறது, அல்லது நாஸ் வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் வீசிவிடுகிறது.

ஆர்எஃப்சியே அப்படித்தான் சொல்கிறது. தெரியாத ஐபியிலிருந்து வந்தாலும் சீக்ரெட் பொருந்தாவிட்டாலும் நேக் கூட அனுப்பாமல் அமைதியாக வீச வேண்டும். தவறான சீக்ரெட்டும் அறுந்த கேபிளும் சர்வர் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். மைக்ரோடிக்கில் இதைப் பிரித்தறிய இன்கமிங் மானிட்டர் போதும். ரிக்வெஸ்ட், பேட் ரிக்வெஸ்ட், ஆக், நேக் என்று நாலு எண்ணிக்கை காட்டும். எதுவுமே ஏறவில்லை என்றால் பாக்கெட் வந்து சேரவில்லை. பேட் ரிக்வெஸ்ட் ஏறினால் சீக்ரெட்டையும் சோர்ஸ் ஐபியையும் பாருங்கள்.

சோர்ஸ் ஐபி என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சர்வரில் இரண்டு ஐபி இருந்து, நாஸ் ஒன்றை மட்டும் ரேடியஸ் சர்வராக அறிந்திருந்தால், லாகின் ஓடும். நாஸ் கேட்ட ஐபியிலிருந்தே பதில் போவதால் அங்கே சிக்கல் வராது. டிஸ்கனெக்டை சர்வர் தானே தொடங்குகிறது. எந்த ஐபியிலிருந்து கிளம்புவது என்பதை ரூட்டிங் டேபிள் முடிவு செய்யும். மாட்டுவது அந்த இடத்தில்தான்.

சீக்ரெட்டில் இன்னொரு பொறி. ரேட்கிளையண்ட்டைக் கையால் ஓட்டும்போது சீக்ரெட்டில் டாலர் குறியோ ஆச்சரியக்குறியோ இருந்தால் ஷெல் அதைத் தின்றுவிடும். கான்ஃபிக் ஃபைலில் சரியாகவே இருக்கும், லாகினும் ஓடும், டிஸ்கனெக்ட் மட்டும் மௌனமாகத் தோற்கும். ஒற்றை மேற்கோள் குறிக்குள் போட்டு அனுப்புங்கள்.

கடைசியாகக் கடிகாரம். ஈவண்ட்-டைம்ஸ்டாம்ப் சேர்த்து அனுப்பினால், நாஸின் நேரத்தோடு 300 வினாடிக்கு மேல் வித்தியாசம் இருக்கும் பாக்கெட்டை வீசிவிடலாம் என்பது விதி. வைஃபை அக்சஸ் பாயிண்ட் (ஏபி) மென்பொருளான ஹோஸ்ட்ஏபிடியில் டைம் விண்டோ என்ற அமைப்பே இருக்கிறது. பேட்டரி இல்லாத சின்ன போர்டு கரண்ட் போய் வந்ததும் 1970-இல் எழுந்திருக்கும். என்டிபி வழியாகச் சரியான நேரம் பிடிக்கும் வரை அதற்கு அனுப்பும் டிஸ்கனெக்ட் எல்லாம் வீண்.

ராத்திரி_ஷிஃப்ட்:

நேக் வந்தால் சந்தோஷப்படுங்கள். வழி திறந்திருக்கிறது, சீக்ரெட்டும் சரி. இனி அந்த நேக்குக்குள் எரர்-காஸ் (மறுப்பின் காரணம்) என்ன எண் என்று பார்க்க வேண்டும். அதன் அட்ரிபியூட் (பாக்கெட்டில் போகும் ஒரு விவரம்) எண் 101. ரேட்கிளையண்ட்டை -x ஆப்ஷனோடு ஓட்டினால் பெயரோடு காட்டும்.

402 என்றால் நாஸுக்குத் தேவையான ஏதோ ஒன்றை நீங்கள் அனுப்பவில்லை. 401 என்றால் அதற்குப் புரியாத ஒன்றை அனுப்பிவிட்டீர்கள். 403 என்றால் நாஸ் அடையாளம் பொருந்தவில்லை. நாஸ் 'நாட்' (NAT, உள் ஐபியை வெளி ஐபியாக மாற்றும் ஏற்பாடு) ஒன்றுக்குப் பின்னால் இருந்து, பாக்கெட்டில் வெளி ஐபியை நாஸ்-ஐபி-அட்ரஸாகப் போட்டால் இதுதான் வரும். 501 வந்தால் நாஸின் அமைப்பே தடுக்கிறது.

நாம் தினமும் மல்லுக்கட்டுவது 503-உடன். "அப்படி ஒரு செஷன் என்னிடம் இல்லை" என்கிறது நாஸ். உண்மையாகவே இல்லாமல் இருக்கலாம், அல்லது நாம் கேட்ட விதம் தப்பாக இருக்கலாம். இரண்டையும் பிரிக்காமல் டேட்டாபேஸில் அந்தச் செஷனின் வரிசையை (ரோ) மூடிவிடுவதுதான் பெரிய கேடு. யூசர் ஓடிக்கொண்டிருப்பார், கணக்கில் மட்டும் ஆஃப்லைன் ஆகிவிடுவார்.

கேட்ட விதம் தப்பாகும் இடங்கள்:

பாக்கெட்டில் போடும் செஷன் அடையாளங்கள் எல்லாமே பொருந்தினால்தான் நாஸ் வெட்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் 503. "எதற்கும் இருக்கட்டும்" என்று காலிங்-ஸ்டேஷன்-ஐடியையும் (யூசர் கருவியின் மேக் முகவரி) சேர்த்து அனுப்புபவர்கள் கவனிக்க வேண்டும். ஃப்ரீரேடியஸ் சர்வரில் மேக் முகவரியை ஒரே வடிவத்துக்கு மாற்றி எழுதும் பாலிசி ஓடினால், டேட்டாபேஸில் இருப்பது நாஸ் அனுப்பிய எழுத்து இல்லை. நாஸ் சின்ன எழுத்தும் முக்காற்புள்ளியுமாக வைத்திருக்கும், நாம் பெரிய எழுத்தும் கோடுமாகக் கேட்போம். யூசர்-நேமிலும் இதே கதை. அட் குறிக்குப் பின்னால் வரும் ரியல்மை வெட்டிவிட்டு டேபிளில் சேமித்தால், நாஸுக்குத் தெரிந்த முழுப் பெயர் நம்மிடம் இருக்காது.

நான் பரிந்துரைப்பது யூசர்-நேம், அக்ட்-செஷன்-ஐடி, ஃப்ரேம்ட்-ஐபி-அட்ரஸ் மூன்று மட்டும். மூன்றும், செஷன் தொடங்கும்போது நாஸ் அனுப்பும் அக்கவுண்டிங் ஸ்டார்ட்டில் வந்தபடியே, ஓர் எழுத்து மாறாமல். சிஸ்கோவில் ஆத்-டைப் என்ற அமைப்பு இயல்பாக 'ஆல்'. சோதனைக்காக அதை 'எனி' ஆக்கிப் பார்த்தால் எந்த அட்ரிபியூட் உதைக்கிறது என்று பிடித்துவிடலாம்.

அடுத்தது, எந்த வரிசையை எடுக்கிறோம் என்பது. செஷன் கணக்கு இருக்கும் ரேட்அக்ட் டேபிளில் ஸ்டாப் டைம் காலியாக ஒரே யூசருக்கு மூன்று வரிசை கிடக்கும். பேனல் முதல் வரிசையை எடுத்தால் போன வாரத்துச் செஷன் ஐடி போகும், 503 வரும், இன்றைய செஷன் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டார்ட் டைம்படி இறங்குவரிசையில் அடுக்கி முதலாவதை எடுக்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே செத்த செஷனைக் கண்டுபிடிக்க இன்டெரிம் அப்டேட் (செஷன் ஓடும்போதே நாஸ் இடையிடையே அனுப்பும் கணக்கு) தேவை. அக்ட்-இன்டெரிம்-இன்டர்வல் 60 வினாடிக்குக் கீழே கூடாது, 600-க்குக் குறையாமல் வைப்பது நல்லது என்கிறது ஆர்எஃப்சி 2869. 600 வைத்தால், அப்டேட் டைம் 30 நிமிடத்துக்கு மேல் பழையதாகி, டிஸ்கனெக்டுக்கு 503-உம் வந்தால் தைரியமாக வரிசையை மூடலாம். இந்த இரண்டு சாட்சியும் சேர்ந்து வேண்டும். செத்த வரிசைகள் தேங்கினால் சைமல்டேனியஸ்-யூஸ் 1 (ஒரே நேரத்தில் ஒரு லாகின்) என்று வைத்த யூசர் "ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கிறது" என்று தவித்து போன் போடுவார்.

வைஃபை_காவல்:

ஆக் வந்த பிறகும் யூசர் ஆன்லைனில் இருக்கும் கேஸ்தான் மிச்சம். இதில் பெரும்பாலும் டிஸ்கனெக்ட் சரியாகவே நடந்திருக்கும். யூசர் திரும்பி வந்துவிடுகிறார், அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் செஷன் ஐடியைப் பாருங்கள். புதிய ஐடி என்றால் மறு லாகின். பழைய வரிசைக்கு ஸ்டாப் வந்து, அதில் டெர்மினேட்-காஸ் அட்மின்-ரீசெட், அதாவது 6 என்று இருந்தால் வெட்டியது நாம்தான்.

பிபிபிஓஇயில் (பெயர், பாஸ்வேர்டு கொடுத்து டயல் செய்யும் முறை) இருக்கும் வீட்டு ரூட்டர் வெட்டப்பட்ட சில வினாடியில் மறுபடி டயல் செய்யும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் கணக்கை முடக்கு, பிறகு கிக் பண்ணு. பல ஸ்கிரிப்ட்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. லாகின் விதிகள் இருக்கும் ரேட்செக் டேபிளில் ஆத்-டைப் ரிஜெக்ட் போடும்போது ஆபரேட்டர் முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இரட்டைச் சமக்குறி போட்டால் அது ஒப்பிட்டுப் பார்க்கும், எதையும் தடுக்காது. யூசர்களை டேட்டாபேஸில் இல்லாமல் யூசர்ஸ் ஃபைலில் வைத்திருப்பவர்கள் திருத்தியபின் சர்வரை ரீலோட் செய்ய வேண்டும்.

என்டர்பிரைஸ் வைஃபையில் பிஎம்கே கேஷ் என்று ஒன்று. கருவி ஏற்கெனவே பேசிய சாவியைக் காட்டி ஏபியில் மறுபடி நுழைந்துவிடும், ரேடியஸுக்கு ஆக்சஸ்-ரிக்வெஸ்ட்டே வராது. லாகில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, யூசர் மட்டும் உள்ளே இருப்பார். டிஸ்கனெக்டோடு அந்தக் கருவியின் கேஷும் அழிகிறதா என்று உங்கள் கன்ட்ரோலரில் சோதித்துப் பாருங்கள். ரோமிங்கும் ஏமாற்றும். லாகின் ஆன ஏபி ஒன்று, இப்போது இருப்பது வேறு. கடைசி அக்கவுண்டிங் பாக்கெட் எந்த நாஸிலிருந்து வந்ததோ அதற்குத்தான் அனுப்ப வேண்டும்.

ஹாட்ஸ்பாட் வைத்திருப்பவர்களுக்கு: மைக்ரோடிக்கில் குக்கீ லாகின் இயக்கத்தில் இருந்தால் குக்கீயின் இயல்பு ஆயுள் 3 நாள். யூசர் பாஸ்வேர்டு அடிக்காமலே திரும்பி வருவார். கணக்கை முடக்காமல் வெறும் கிக் செய்வது இங்கே அர்த்தமே இல்லாத வேலை.

இன்னொன்று, பேக் முடிந்தால் ஸ்பீடைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் டிஸ்கனெக்டே வேண்டாம். சிஓஏவில் மைக்ரோடிக்-ரேட்-லிமிட் அனுப்பினால் செஷன் அறாமல் ஸ்பீடு மாறும். வீடியோ காலில் இருப்பவரை எதற்கு வெட்ட வேண்டும்?

சின்னஊர்_கேபிள்:

எங்கள் நாஸ்கள் டைனமிக் ஐபியில், 'நாட்' (NAT) ஒன்றுக்குப் பின்னால். சர்வர் கிளவுடில். 3799 எப்படிப் போகும்?

பாக்கெட்_பார்வை:

நேராகப் போகாதுங்க. நாஸிலிருந்து சர்வருக்கு வயர்கார்டு அல்லது எல்2டிபி டனல் போட்டு, ரேடியஸ் முழுவதையும் டனல் ஐபியில் ஓட்டுங்கள். நாட் வழி மூடாமலிருக்க வயர்கார்டில் கீப்அலைவ் 25 வினாடி வையுங்கள். நாஸ் பக்கம் ரேடியஸ் சோர்ஸ் அட்ரஸும் டனல் ஐபியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன 403 வரும். 3799-ஐ டனல் இன்டர்ஃபேஸில் மட்டும் திறந்து, இணையப் பக்கம் மூடிவிடுங்கள்.

டனல் அறுந்தாலும் யூசர் நிற்க வேண்டும் என்றால் லாகினை ஏற்கும் பதிலான ஆக்சஸ்-அக்செப்ட்டிலேயே செஷன்-டைம்அவுட்டைக் கொடுத்துவிடுங்கள். பேக் முடிய எத்தனை வினாடி மிச்சமோ அத்தனை. நாஸ் தானே வெட்டும், 3799 தேவையே இல்லை. 802.1எக்ஸில் (என்டர்பிரைஸ் வைஃபையில் வரும் லாகின் முறை) மட்டும் கவனம், டெர்மினேஷன்-ஆக்ஷன் 1 என்று இருந்தால் அது வெட்டாமல் மறு ஆத்தண்டிகேஷன் கேட்கும்.

டேட்டா அளவு வைத்து வெட்டுபவர்கள் கிகாவேர்ட்ஸை (ஆக்டெட்ஸ் எண்ணி எத்தனை முறை சுற்றியது என்ற எண்ணிக்கை) கூட்ட மறக்க வேண்டாம். ஆக்டெட்ஸ் எண்ணி 32 பிட், 4,294,967,296 பைட் ஆனதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் 100 ஜிபி தாண்டியவரையும் 4 ஜிபிக்குள் இருப்பதாக நினைத்து வெட்டாமல் விடும்.

ராத்திரி_ஷிஃப்ட்:

நள்ளிரவு 12 மணிக்கு மொத்தமாகக் கட் பண்ணும் ஸ்கிரிப்ட் பற்றி ஒரு வார்த்தை. ரேடியஸ் பாக்கெட்டின் ஐடென்டிஃபையர் 8 பிட். ஒரு சோர்ஸ் போர்ட்டிலிருந்து ஒரே நேரத்தில் 256 ரிக்வெஸ்ட்தான் நிலுவையில் இருக்க முடியும். ஆயிரக்கணக்கில் ஒரே மூச்சில் தள்ளினால் நாஸின் சிபியு திணறும், சிலவற்றுக்கு 506 (வளம் போதவில்லை) வரும், சிலவற்றுக்குப் பதிலே வராது. வெட்டப்பட்ட அத்தனை ரூட்டரும் உடனே டயல் செய்து 1812-ஐயும் அடைக்கும். ரேட்கிளையண்ட்டில் -n ஆப்ஷன் கொடுத்து வினாடிக்கு 10 என்று தொடங்குங்கள், நாஸின் சிபியுவைப் பார்த்துக்கொண்டே கூட்டுங்கள். பதில் வராதவர்கள் பட்டியலை மட்டும் தனியாக எழுதிவைத்து, ஐந்து நிமிடம் கழித்து அப்போதைய செஷன் ஐடியைப் புதிதாக எடுத்து அனுப்புங்கள். பழைய ஐடியோடு திரும்ப அனுப்பினால் அதற்குள் மறு லாகின் ஆனவர்களுக்கெல்லாம் 503தான் வரும்.